மாட்டுக்குப் போட்ட மருந்து எங்கே போகிறது?

பழங்காநத்தத்தில் திருப்பரங்குன்றம் சாலையை விட்டு உள்தெருக்களுக்குள் திரும்பினால், மாடு கட்டிப் பால் கறக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. விடியலில் கறவை முடிந்ததும் தொழுவத்தைக் கழுவிவிடுவார்கள். சாணத்தை வாரி ஓரமாகக் குவித்தாலும், கோமியமும் கழுவிய தண்ணீரும் வாசலோரச் சாக்கடையில்தான் இறங்கும். மாட்டுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அந்தத் தண்ணீரோடு முந்தின நாள் போட்ட ஊசி மருந்தும் சேர்ந்து இறங்குகிறது.

கறவை மாட்டை அடிக்கடி படுத்துவது மடிநோய். ஒரு காம்பு வீங்கிச் சிவக்கும்; தொட்டால் மாடு உதைக்கும்; பால் திரிந்து, சில சமயம் ரத்தம் கலந்து வரும். உடனே ஆன்டிபயாடிக் ஊசி, காம்புக்குள் ஏற்றும் டியூப் மருந்து, வலிக்கும் வீக்கத்துக்கும் ஓர் ஊசி என்று சில நாள் வைத்தியம் நடக்கும். இதற்குப் போடும் மருந்துகளில் ஒன்று என்ரோஃப்ளாக்சசின். கால்நடைக்கென்றே உள்ள மருந்து அது. ஆனால் மாட்டின் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறிவிடுகிறது. நமக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் டாக்டர் எழுதித் தருகிறாரே, அதே சிப்ரோஃப்ளாக்சசின். ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி என்றால், போட்டதில் பெரும்பகுதி மாறாமலேயே கோமியத்திலும் சாணத்திலும் வெளியே வந்துவிடும். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் போடும் ஐவர்மெக்டின் சாணத்தோடு போய், சாணத்தை உருட்டி மண்ணுக்குள் சேர்க்கும் சாணி வண்டுகளின் புழுக்களைக் கொல்கிறது. தண்ணீரில் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சி லிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே மடிகிறது. பாசியைத் தின்று குளத்தைத் தெளிவாக வைத்திருப்பதும், மீன்குஞ்சுக்கு இரையாவதும் அந்தப் பூச்சிதான்.

தென்மதுரைச் சாக்கடைகளுக்குப் போக்கிடம் இரண்டு. திறந்த வாய்க்கால்களில் போவது கிருதுமால் நதியில் சேர்கிறது. நாகமலைப் பக்கம் தொடங்கி, மதுரையின் தென்பகுதியைக் கடந்து, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களை நோக்கிப் போய்க் குண்டாற்றில் கலக்கும் ஆறு அது. மதுரைக்குள் இருப்பவர்களுக்கு அது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் சாக்கடை. நரிக்குடிப் பக்கத்து விவசாயிக்கு அது பாசன ஆறு. வைகைத் தண்ணீரை அதில் திறந்துவிடச் சொல்லி அவர்கள் மனுக் கொடுக்காத ஆண்டு இல்லை.

பாதாளச் சாக்கடையில் போவது அவனியாபுரம் வெள்ளக்கல்லில் உள்ள மாநகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. நாளுக்கு 12.5 கோடி லிட்டர் கழிவுநீரைக் கையாளும் கொள்ளளவு கொண்டது அது. அவனியாபுரத்துக்கு அதற்கு முந்தைய கதையும் ஒன்று உண்டு. நகரத்தின் கழிவுநீரைப் பாய்ச்சி அங்கே நெடுங்காலமாகத் தீவனப்புல் வளர்த்தார்கள். அந்தப் புல்லைத்தான் மாடு வளர்ப்போர் கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டு வருவார்கள். கழிவுநீரின் சத்தை வீணாக்காமல் பாலாக மாற்றிய நல்ல ஏற்பாடு அது. இதைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் மருந்துகள் பெருகிவிட்ட காலத்தில் அந்தச் சுற்றுக்கு வேறு பொருள் வந்துவிட்டது. தொழுவத்திலிருந்து சாக்கடை, சாக்கடையிலிருந்து வயல், வயலிலிருந்து புல், புல்லிலிருந்து மறுபடி தொழுவம். சில மருந்துகளைப் பயிர்கள் வேர்வழியே உறிஞ்சிக்கொள்வதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கழிவுநீரை மறுபடி பயன்படுத்துவதுதான் இனி நம் ஊர்களுக்கு வழி என்றால், அந்தக் கழிவுநீரில் என்ன போகிறது என்பதில் ஊருக்கே அக்கறை வேண்டும்.

இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி, இதைச் சுத்தம் செய்ய என்ன மிஷின் இருக்கிறது என்பதுதான். இருக்கிறது. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

நம் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டதே மலத்தையும் சோப்புத் தண்ணீரையும் சமையல் கழிவையும் சமாளிக்கத்தான். காற்றை ஊதி, கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே அழுக்கைத் தின்னவைக்கிறோம். நுண்ணுயிர் தின்னக்கூடிய மருந்து கரைந்துபோகும். தின்ன முடியாதது இரண்டில் ஒன்றைச் செய்யும்: டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை அடியில் தங்கும் சகதியில் ஒட்டிக்கொள்ளும்; டைக்ளோபினாக் போன்றவை பெருமளவு தண்ணீரோடு வெளியே போய்விடும். சகதியைக் காயவைத்து வயலுக்கு எருவாகக் கொடுத்தால், ஒட்டிக்கொண்டதும் வயலுக்குப் போகிறது. சென்னையின் சுத்திகரிப்பு நிலையங்களில் ஐஐடி மெட்ராஸும் அரிசோனா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்விலும் நடந்தது இதுதான்: எளிதில் சிதைபவை நீங்கின, பிடிவாதமானவை வந்தபடியே வெளியேறின. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் டைக்ளோபினாக், கீட்டோபுரோபன், இப்யூபுரோபன் உள்ளிட்ட வலி மருந்துகளைக் கண்டது. மனிதர் விழுங்கியது எது, மாட்டுக்குப் போட்டது எது என்று ஆற்றுக்குத் தெரியாது.

இதற்கு மேல் நான்காம் கட்டச் சுத்திகரிப்பு என்று ஒன்று உண்டு. கிளர்வூட்டிய கரியில் தண்ணீரை வடிப்பது, ஓசோன் வாயுவைச் செலுத்துவது, மிக நுண்ணிய சவ்வுகளில் அழுத்தி வடிப்பது ஆகியவை முக்கிய வழிகள். ஸ்விட்சர்லாந்தில் சூரிச் நகருக்கு அருகே டூபென்டார்ஃப் என்ற ஊரில் 2014 முதல் ஓசோன் முறை முழு அளவில் இயங்குகிறது. நல்ல பலனும் தருகிறது. ஆனால் ஓசோன் மருந்து மூலக்கூறை உடைக்கிறதே தவிர, உடைந்த துண்டுகள் எல்லாம் சாதுவானவை என்று உறுதி கூற முடியாது. அதனால்தான் அங்கே ஓசோனுக்குப் பிறகு மணல் வடிகட்டியில் உள்ள நுண்ணுயிர்களைக் கொண்டு மறுபடி ஒருமுறை சுத்தம் செய்கிறார்கள். ஜெர்மனியில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சூரிய ஒளி பட்டுச் சிதைந்த டைக்ளோபினாக் கரைசல், சிதையாததைவிடப் பாசிக்குப் பல மடங்கு நச்சாகிவிட்டதைக் கண்டார்கள். மருந்தின் பெயர் அறிக்கையிலிருந்து மறைந்துவிட்டது என்பதும் தண்ணீரின் நஞ்சு போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. சவ்வு முறையில் மருந்து ஏறக்குறைய முழுவதும் நீங்கும். ஆனால் நீங்கியதெல்லாம் சவ்வு ஒதுக்கித் தள்ளும் நீரில் செறிவாக நிற்கும். வீட்டு ஆர்.ஓ. குழாயிலிருந்து வெளியேறும் உப்புத் தண்ணீரும் அப்படித்தான், மறுபடி சாக்கடைக்கே போகிறது. கேன் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர் தன் வயிற்றை வேண்டுமானால் காப்பாற்றிக்கொள்ளலாம். கண்மாய் மீனையும் அவனியாபுரத்துப் புல்லையும் கேன் தண்ணீர் காப்பாற்றாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நகரக் கழிவுநீர்ச் சட்டத்தைத் திருத்தியது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் கழிவைக் கையாளும் நிலையங்கள் 2045க்குள் நான்காம் கட்டச் சுத்திகரிப்பைக் கொண்டுவர வேண்டும். அதன் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். செலவு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே சட்டத்தில் பதில் எழுதிவிட்டார்கள். இந்தியாவில் மருந்து ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் வரைவை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021இல் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இலேயே உலகுக்குச் சொல்லியிருந்தார்கள். மருந்து உண்டவரின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம். அந்த வரம்புகள் மறுபடி வர வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் ஆலை ஓரிடத்தில் இருக்கிறது, குழாயை மறித்துவிடலாம். தொழுவங்கள் ஆயிரம் இடத்தில் இருக்கின்றன. வெள்ளக்கல்லில் எத்தனை கோடி கொட்டி என்ன நிறுவினாலும், கிருதுமாலில் நேரே இறங்கும் தண்ணீர் அந்த வாசலுக்கே வராது. அதனால் மருந்து தண்ணீரில் கலப்பதற்கு முன்னால், அது கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் தடுப்பதுதான் மதுரை போன்ற ஊருக்குக் கைக்கெட்டும் சுத்திகரிப்பு என்று நான் நம்புகிறேன். அங்கே ஒரு ரூபாயில் ஆவதைக் கடைசியில் நூறு ரூபாய் கொடுத்தாலும் முழுதாகச் செய்ய முடியாது.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. மாட்டுக்குப் போட்ட ஒரு மருந்தை இயற்கையிலிருந்து விலக்கப் பலர் சேர்ந்து உழைத்த கதை, மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பாறு கழுகுகளின் கதை அது.

மாட்டுக்கு வலியும் காய்ச்சலும் குறைய டைக்ளோபினாக் ஊசி போடுவார்கள். மலிவான மருந்து, போட்டதும் மாடு எழுந்து தீனி எடுக்கும். அப்படிப் போட்ட சில நாளில் மாடு இறந்து, அதைப் பாறு கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்து இறந்துபோகும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதை நிறுவியது. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். சரிந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் அழிந்தன. செத்த மாட்டைத் தின்ன ஆளில்லாமல் அது அழுகி, நாய்கள் பெருகி, நீர்நிலைகளில் கிருமி சேர்ந்தது. கழுகு அழிந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் ஓர் ஆய்வில் மதிப்பிட்டிருக்கிறார்கள். மாட்டுக்குப் போட்ட ஓர் ஊசி மனித உயிரையும் குடித்த வழி இது.

இந்தியா 2006இல் கால்நடைக்கு டைக்ளோபினாக்கைத் தடை செய்தது. அதோடு முடியவில்லை. மனிதருக்கான டைக்ளோபினாக் 30 மில்லி குப்பியாக விற்றதால், அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மனிதர் ஒருவருக்கு ஒரு வேளைக்குத் தேவை 3 மில்லிதான். 2015இல் மத்திய அரசு 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பிகளை நிறுத்தியது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கீட்டோபுரோபனும் அசிக்ளோபினாக்கும் 2023இல் கால்நடைக்குத் தடையாயின. நிமிசுலைடு 2024 இறுதியில். தமிழக அரசு 2022இல் பாறு கழுகுப் பாதுகாப்புக்கென்று மாநில அளவில் குழு அமைத்தது. நீலகிரி, சத்தியமங்கலம் பக்கத்து ஊர்களில் அருளகம் அமைப்பினர் வீடுவீடாக, மருந்துக்கடை கடையாகப் போய்ப் பேசினார்கள். கால்நடை மருத்துவர்கள் மெலாக்சிகாமுக்கு மாறினார்கள். அது கழுகைக் கொல்லாது. மாட்டின் வலியையும் குறைக்கும்.

இதில் எந்த ஒருவரும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். தடை மட்டும் இருந்தபோது 30 மில்லி குப்பி அதைத் தின்றுவிட்டது. குப்பி சிறிதானபோதும் மருத்துவர் மாறாமல் இருந்திருந்தால், மாட்டுக்காரர் பத்துக் குப்பியை வாங்கியிருப்பார். மாற்று மருந்து கையில் இருந்ததால்தான் மாட்டுக்காரரும் நஷ்டப்படவில்லை. யாரையும் எதிரியாக நிறுத்தாமல் நடந்த காரியம் அது.

அந்தக் குப்பிக் கணக்கைத் தண்ணீருக்கும் போட்டுப் பார்க்கலாம். டைக்ளோபினாக் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் இருந்தாலே டிரவுட் மீனின் சிறுநீரகத்திலும் செவுளிலும் திசு மாற்றம் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மில்லிக்கு 25 மில்லிகிராம் வீதம் 30 மில்லி குப்பியில் 750 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றினால், ஏழரை லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவர அதுவே போதும். மிச்சமான ஊசி மருந்தை, காலாவதியான புழு மருந்தை, பாதி தீர்ந்த உண்ணி மருந்தைத் தொழுவத்தின் ஓரத்தில் கொட்டுவது எத்தனை சாதாரணமாக நடக்கிறது என்பதை யோசித்தால் இந்தக் கணக்கின் எடை புரியும். மாட்டின் உடம்பு வழியாக வருவதைக் குறைக்கத்தான் முடியும். புட்டியிலிருந்து நேரே போவதை நாளையே நிறுத்திவிடலாம். வீடுகளில் மிச்சமாகும் மருந்துகளைத் திரும்ப வாங்கி முறையாக எரிக்கும் திட்டத்தைக் கேரளம் 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. மதுரையில் மருந்துக்கடைக்காரர்கள் சங்கமும் மாநகராட்சியும் சேர்ந்தால் ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் பெரிய மருந்துக்கடையிலும் ஒரு பெட்டி வைக்க முடியும். மருத்துவமனைக் கழிவை எடுத்துப்போகும் வண்டி அதையும் எடுத்துப் போகலாம்.

ஆன்டிபயாடிக் விஷயம் கழுகைவிடச் சிக்கலானது. கேடு ஒரு பறவையில் தெரியாமல் கிருமிகளுக்குள் நடக்கிறது. சாக்கடையில் மருந்து சிறிதளவு எப்போதும் இருந்துகொண்டே இருந்தால், அதைத் தாங்கப் பழகிய கிருமிகளே பிழைத்துப் பெருகும். அந்தத் தாங்கும் குணத்தை மரபணுவாகப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். கோழித் தீவனத்தில் எடை கூடக் கலந்துவந்த கோலிஸ்டின், வேறெந்த மருந்துக்கும் அடங்காத தொற்றுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து. கிருமிக்குக் கிருமி தாவும் கோலிஸ்டின் எதிர்ப்பு மரபணு சீனாவில் 2015இல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் அதைத் தடை செய்தது. சென்னையில் 2012இல் கூடிய மருத்துவச் சங்கங்கள் ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்காகச் சென்னைப் பிரகடனம் என்ற ஒன்றை வெளியிட்டன. மனித வைத்தியத்தில் அது பேச்சாகவும் ஓரளவு செயலாகவும் ஆனது. தொழுவத்துக்கு அந்தப் பேச்சு இன்னும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

தொழுவத்துக்குப் போய்ப் பேசும்போது குற்றம் சாட்டும் குரலில் பேசக் கூடாது. நகரத்துக்குள் மாடு எதற்கு, விரட்டிவிடலாமே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டமும் கையில் இருக்கிறது. விரட்டினால் மாடு ஊர் எல்லைக்கு வெளியே போகும். அதே மருந்து இன்னொரு வாய்க்காலில் இறங்கும். பொங்கலன்று அவனியாபுரம் வாடிவாசலில் காளையை வழிபட்டு அனுப்பும் ஊர் இது. மாட்டோடு வாழத்தான் நமக்குத் தெரியும். சரியாக வாழக் கற்றுக்கொள்வோம்.

மாட்டுக்காரரின் நிலைமையை அவர் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஊசி போட்ட மாட்டின் பாலை இத்தனை நாள் விற்கக் கூடாது என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கெடு உண்டு. ஒரு மருந்துக்கென்று கெடு சோதித்து உறுதிசெய்யப்படாவிட்டால், 2012இல் சேர்க்கப்பட்ட மருந்து விதிப்படி பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். பத்து லிட்டர் கறக்கும் மாடு. லிட்டர் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஏழு நாளில் 2,800 ரூபாய். மாடு நோயாய்க் கிடக்கும் நேரத்தில், மருந்துச் செலவுக்கு மேல், அந்த வீட்டுக்கு விழும் அடி இது. நேர்மையாக நடப்பவருக்கு நஷ்டம், நடக்காதவருக்கு நஷ்டமில்லை என்ற நிலைமையில் எத்தனை பேர் நேர்மையாக இருப்பார்கள்? இருக்கிறவர்களும் அந்தப் பாலைக் கறந்து எங்கே கொட்டுகிறார்கள்? சாக்கடையில்தான். பாலில் வந்த மருந்து குழந்தைக்குப் போகாமல் கிருதுமாலுக்குப் போகிறது. கன்றுக்குட்டிக்குக் கொடுத்தால் அதன் குடலில் எதிர்ப்புக் கிருமி வளர்கிறது.

அந்தப் பாலுக்குச் சரியான இடம் எருக்குழி. அதன் சூடும் நுண்ணுயிர்களும் செய்யும் வேலையை எந்தத் தொழிற்சாலையும் இத்தனை மலிவாகச் செய்யாது. சாணத்தை வைக்கோல், கூளத்தோடு சேர்த்துக் குவித்து, நன்றாகச் சூடேறவிட்டு, சில வாரம் கழித்துப் புரட்டி மக்கவைத்தால் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பெருமளவு சிதைந்துவிடுகின்றன. ஃப்ளாக்சசின் வகைகள் அத்தனை எளிதில் போவதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அவை மண்ணோடு ஒட்டி நிற்கும், தண்ணீரில் ஓடாது. கோமியத்தையும் கழுவிய தண்ணீரையும் கூளம் பரப்பிய சிறு குழியில் இறக்கி ஊறவிட்டாலே சாக்கடைக்குப் போவதில் பெரும்பங்கு நிற்கும். குறுகிய சந்தில் இடமில்லாத வீடுகளுக்குப் பொதுவான எருக்குழி ஒன்றை மாநகராட்சி காட்ட வேண்டும். சந்தைக் காய்கறிக் கழிவைத் தினமும் வாரி எடுத்துப் போகும் மாநகராட்சிக்கு, அந்தக் கழிவோடு சாணத்தையும் சேர்த்து மக்கவைப்பது புதிய வேலை ஆகாது. பழங்காநத்தம் உழவர் சந்தைக்கு வரும் விவசாயிகளே அந்த எருவைத் திரும்பும் வண்டியில் ஏற்றிப் போக முடியும்.

மடிநோய்க்கு ஊசியைத் தவிர வழியே இல்லை என்பதும் இல்லை. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை வைத்திய ஆராய்ச்சி மையத்தில், பேராசிரியர் புண்ணியமூர்த்தி முன்னெடுத்து முறைப்படுத்திய வைத்தியம் ஒன்று இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவித் துடைத்துப் பாலைப் பீய்ச்சிவிட்டு, அந்த விழுதை நீர்க்கக் கரைத்து நாளுக்குப் பத்து முறை வரை, ஐந்து நாள் தடவுவது. தேசிய பால்வள வாரியம் இதை நாடு முழுக்கப் பரப்பிவருகிறது. ஆரம்ப நிலையில் பிடித்தால் பல மாடுகளுக்கு இதுவே போதும். மாடு காய்ச்சலில் தீனி எடுக்காமல் கிடந்தால் மருத்துவரைக் கூப்பிடத்தான் வேண்டும். எது எந்த நிலை என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். முந்தின மாட்டுக்குப் போட்ட மிச்சத்தை இந்த மாட்டுக்கும் ஏற்றும் ஊசிக்காரர் அல்லர். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் என்பதையே தெரியாத வீடுகள் இருக்கின்றன. கால்நடை மருந்தகங்களில் காலியிடம் நிரப்புவதும், வரும் மருத்துவரிடம் ஐந்து நிமிடம் பேச நேரம் இருக்கும்படி செய்வதும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையின் பகுதி என்பதை அரசு ஏற்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் ஊசியைக் கொடுப்பதை நிறுத்த வேண்டியது கடைக்காரர். கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பினால் பக்கத்துக் கடை கொடுக்கும் என்பது அவருடைய நியாயமான அச்சம். ஊர்க் கடைகள் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து முடிவெடுத்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது இரண்டு. வெள்ளக்கல்லுக்குள் வரும் தண்ணீரிலும், வெளியேறும் தண்ணீரிலும், சகதியிலும், கிருதுமாலிலும், மாடக்குளம் கண்மாயிலும் ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, மருந்து எச்சத்தைச் சோதித்து வெளியிட வேண்டும். மருந்தின் அளவோடு, அந்தத் தண்ணீரில் டாஃப்னியாவும் மீன்குஞ்சும் பிழைக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நஞ்சு போயிற்றா என்பதை அந்த உயிர்கள் சொல்லிவிடும். அந்தச் சோதனையைச் செய்யக் கல்லூரி விலங்கியல் துறைகளால் முடியும். இரண்டாவது, கிருதுமாலில் நேரே இறங்கும் வாய்க்கால்களின் வாயில் வெட்டிவேரும் கோரையும் நாணலும் நட்ட சதுப்புத் தொட்டிகள். பெரிய மின்சாரச் செலவு இல்லாதவை அவை. மருந்து எல்லாவற்றையும் அவை பிடிக்காது, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

இவற்றைக் கேட்க நமக்கு இடமும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. தெருவிளக்கும் சாலைப் பள்ளமும் பேசும் அந்தச் சபையில் மாடு வளர்ப்போர், கால்நடை மருத்துவர், மருந்துக்கடைக்காரர், பால் வாங்குவோர் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் பேசினால், முதலில் தீர்க்க வேண்டியது அந்த ஏழு நாள் கணக்கைத்தான். நோயாளி மாட்டின் பாலை நிறுத்தும் வாரத்தில் பால்காரர் வந்து, இந்த வாரம் பால் குறைவு, ஊசி போட்டிருக்கிறேன் என்று சொன்னால் நம்மில் பலர் பாக்கெட் பாலுக்கு மாறி, மறுபடி அவரிடம் திரும்பாமலே இருந்துவிடுகிறோம். உண்மை சொன்னதற்கு நாம் கொடுக்கும் பரிசு அது. அதற்குப் பதிலாக, அவரிடம் வாங்கும் பத்து வீட்டினரும் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தால், நாளுக்குப் பத்து லிட்டருக்கு ஆண்டில் 3,650 ரூபாய் சேரும். மாடு ஆண்டில் ஒருமுறை நோயில் விழுந்தால் வரும் 2,800 ரூபாய் நஷ்டம் அதில் அடங்கிவிடும். கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் ஊர்களில் இதைவிடக் குறைவாகவே போதும்: நாளுக்கு 500 லிட்டர் வாங்கும் சங்கம் லிட்டருக்குப் பத்துப் பைசா ஒதுக்கினால் ஆண்டுக்கு 18,250 ரூபாய், ஆறு மாடுகளின் ஏழு நாள் பாலுக்கு ஈடு. மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி, எருக்குழியில் பாலைக் கொட்டியவருக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.